ஏழு பாலிசி, ஒரு 1099 படிவம்: அமெரிக்காவில் அடுக்கு முறையில் காப்பீடு விற்ற ஒரு தமிழ்க் குடும்பத்தின் கணக்கு

டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். வரிக் கணக்கு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். கடந்த சில ஆண்டுகளாக என்னிடம் வரும் நம் ஊர்க் குடும்பங்களின் கோப்புகளில் ‘இன்ஷூரன்ஸ் கமிஷன்’ என்று ஒரு சின்ன 1099 படிவம் (சம்பளம் அல்லாத வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம்) அடிக்கடி தென்படுகிறது. பெரும்பாலும் மனைவி பெயரில் இருக்கும். தொகை சிறியது, அதன் பின்னால் இருக்கும் கதை பெரியது. அப்படி ஒரு குடும்பத்தின் கதையை அவர்களின் அனுமதியோடு இங்கே பதிவு செய்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை.

பின்னணி

கணவருக்கு 41 வயது, எச்-1பி என்ற வேலை விசாவில் மென்பொருள் வேலை. மனைவி 38 வயது, கணிதத்தில் முதுகலை படித்தவர். ஊரில் ஆறு ஆண்டு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்தவர் ஏழு ஆண்டு வீட்டோடு இருந்தார். கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் அவருக்கு வேலை அனுமதி அட்டை கிடைத்தது. எச்-4 துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதம் முதல் இந்த அனுமதி உண்டு. அட்டை கைக்கு வந்தபோது அவருக்கு இருந்த அவசரத்தைப் புரிந்துகொண்டால்தான் பிறகு நடந்ததும் புரியும். ஏழு ஆண்டாகக் கடையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கினாலும் கணவரின் கார்டைத்தான் தேய்க்க வேண்டியிருந்தது. “என் பேர்ல ஒரு டாலராவது வரணும்னு இருந்துச்சு அண்ணா” என்றார்.

அவரை இதில் சேர்த்தவர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு அக்கா. கெட்ட எண்ணம் உள்ளவர் அல்ல. பிரசவ நேரத்தில் இவர்களுக்குப் பத்து நாள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். “சும்மா ஒரு ஜூம் மீட்டிங், வந்து கேளும்மா. ஃபைனான்ஷியல் எஜுகேஷன்தான்” என்றுதான் ஆரம்பித்தது. இரண்டாவது கூட்டத்தில் பிள்ளைகளின் கல்லூரிச் செலவு, ஓய்வுக்காலம், வரி இல்லாத வருமானம் என்று பேச்சு வளர்ந்தது. மூன்றாவதில் “நீங்களே ஏன் இதைச் செய்யக் கூடாது?” என்று கேட்டார்கள். பாலிசி விற்பது, ஆள் சேர்ப்பது, சேர்ந்தவர் விற்பதிலும் ஒரு பங்கு வாங்குவது, இதுதான் அடுக்கு முறை.

இன்னொரு விஷயமும் அவரை இழுத்தது. அவருடைய தாய்மாமா ஊரில் எல்.ஐ.சி முகவராக இருந்தவர். சைக்கிளில் பாலிசி பிடித்து, பிற்காலத்தில் ரெனியூவல் கமிஷனிலேயே மகள் கல்யாணத்தை நடத்தியவர். இதுவும் அதே மாதிரிதான் என்று இவர் நம்பினார். ஊரில் ஆயுள் பாலிசிக்கு நெடுங்காலமாக இருந்த கமிஷன் அமைப்பில் முதல் ஆண்டு கூடுதல், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் 7.5 விழுக்காடு, அதன்பின் பிரீமியம் வரும்வரை 5 விழுக்காடு. மாமாவைக் காப்பாற்றியது அந்த 5 விழுக்காடு. இவருக்கு அமெரிக்காவில் விற்கக் கொடுத்த பாலிசியில் கமிஷன் ஏறக்குறைய முழுவதும் முதல் ஆண்டிலேயே தீர்ந்துவிடும். பிறகு வருவது சில்லறை. இன்னொரு வேறுபாடும் உண்டு. 2015 திருத்தத்துக்குப் பின் இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் 42ஏ பிரிவு, பல அடுக்கு விற்பனை முறையில் பாலிசி எடுக்கத் தூண்டுவதையே தடை செய்கிறது. அமெரிக்காவில் அந்தத் தடை இல்லை. மாநில உரிமம் இருந்து, கமிஷன் உண்மையான பாலிசியிலிருந்து வந்தால் அடுக்கு முறையில் விற்பது சட்டப்படி சரிதான். கணவர் என்னிடம் முதலில் கேட்டதே “இது பிரமிடா?” என்றுதான், அதாவது ஆள் சேர்க்கும் பணத்திலேயே ஓடும் மோசடியா என்று. அந்தக் கேள்விக்கு “இல்லை” என்று பதில் வந்துவிட்டால் வேறெதையும் கேட்கத் தோன்றாது. இவர்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது.

சேர்ந்த விதம்

2023 பிப்ரவரியில் 100 டாலர் கட்டிச் சேர்ந்தார். டெக்சாஸில் ஆயுள் காப்பீட்டு உரிமத்துக்கு முன்பயிற்சி கட்டாயம் இல்லை, தேர்வு உண்டு. காசு கட்டி ஆன்லைன் வகுப்பில் படித்தார். முதல் முறை நான்கு மதிப்பெண்ணில் தவறி, இரண்டாம் முறை தேறினார். கைரேகை கொடுத்தார், மாநிலக் கட்டணம் 50 டாலர் கட்டினார். சேர்க்கைக் கட்டணத்தில் தொடங்கி உரிமம் கைக்கு வரும்வரை ஆன செலவு 390 டாலர்.

உரிமம் வருவதற்கு முன்பே இரண்டு வேலை கொடுத்திருந்தார்கள். முதலாவது, தெரிந்தவர்களில் நூறு பேரின் பெயரை எழுதுவது. ஊரிலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட நோட்டில் அவர் எழுதியதை நான் பார்த்தேன். முதல் பக்கத்தில் உடன்பிறந்தவர்கள், அத்தை மகன், கணவரின் கல்லூரி நண்பர்கள். இரண்டாம் பக்கத்தில் அக்கம்பக்கம், தமிழ்ப் பள்ளி. நான்காம் பக்கத்துக்கு வரும்போது “பெரியவன் கராத்தே கிளாஸ் அம்மா – பேர் தெரியாது” என்று இருக்கிறது. 83-வது பெயரோடு நின்றுவிட்டது. வருமானம் எங்கிருந்து வரப்போகிறது, எங்கே நிற்கப்போகிறது என்பதெல்லாம் அந்த நான்கு பக்கத்திலேயே இருந்தது.

இரண்டாவது வேலை, தனக்கே ஒரு பாலிசி எடுப்பது. “நீங்க வாங்காத பொருளை எப்படி அடுத்தவங்களுக்கு விப்பீங்க?” என்று கேட்டார்கள். 2023 ஏப்ரல் முதல் அவர் பெயரில் மாதம் 300 டாலர், கணவர் பெயரில் மாதம் 400 டாலர் என்று இரண்டு இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப் பாலிசிகள் தொடங்கின. பங்குச் சந்தைக் குறியீடு ஏறினால் ஒரு உச்சவரம்பு வரை வட்டி, இறங்கினால் பூஜ்யம் என்று விற்கப்படும் பாலிசி இது. குறியீடு இறங்கிய ஆண்டிலும் காப்பீட்டுச் செலவும் நிர்வாகக் கட்டணமும் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். முதல் பத்து ஆண்டுகளுக்கோ அதற்கு மேலுமோ, பாலிசியை இடையில் ஒப்படைத்தால் பிடிக்கும் சரண் கட்டணமும் உண்டு.

மாதம் 700 டாலருக்கு எங்கே போவது? கணவர் 401கே ஓய்வுச் சேமிப்பை 10 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தார். அவர் போடும் தொகைக்கு ஈடாக, சம்பளத்தில் 5 விழுக்காடு வரை அவருடைய நிறுவனமும் போடும். சம்பளம் 1,18,000 டாலர். அதனால் நிறுவனம் சும்மா கொடுக்கும் பணத்தில் 2 விழுக்காடு, ஆண்டுக்கு 2,360 டாலர், போனது. இந்தத் தொகை யாருடைய கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை. ஒரு வருடம் கழித்துச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் என் கண்ணிலும் பட்டது.

முதல் பத்து மாதம்

அவர் உழைக்காமல் இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. திங்கள், வியாழன் இரவுகளில் ஜூம் பயிற்சி. சனிக்கிழமை காலை நேரில் கூட்டம். பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு அங்கே போய்விட்டுத் திரும்ப வந்து அழைத்துக்கொள்வார். மாலையில் வீட்டுச் சந்திப்புகள். எல்லாவற்றையும் கைப்பேசி நாட்காட்டியில் பச்சை நிறத்தில் குறித்து வைத்திருந்தார். பிறகு நாங்கள் உட்கார்ந்து எண்ணியபோது 2023 மார்ச் முதல் டிசம்பர் வரை 740 மணி நேரம் வந்தது.

83 பேரில் 61 பேரைத் தொலைபேசியில் பிடித்தார். 24 பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஏழு பாலிசி ஆயின; அதில் இரண்டு சொந்த வீட்டுப் பாலிசி.

கமிஷனை மாதப் பிரீமியத்தின் மேல் போடுவதில்லை. ஒவ்வொரு பாலிசிக்கும் நிறுவனம் ‘டார்கெட் பிரீமியம்’ என்று ஒரு ஆண்டுத் தொகையை வைத்திருக்கும், கணக்கு அதன்மேல்தான். ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவருக்கு 30 விழுக்காடு. முதல் மூன்று பாலிசி ‘பயிற்சி’ என்பதால் அதிலும் பாதி, கூட வந்து பேசிய அக்காவுக்கு. இப்படி அவருடைய பாலிசியில் 450, கணவருடையதில் 630, பக்கத்து வீட்டுத் தோழியுடையதில் 360 டாலர் வந்தன. பயிற்சி முடிந்தபின் கணவரின் அலுவலக நண்பர் எடுத்ததில் 1,500, ஹூஸ்டனில் இருக்கும் சித்தி மகனுடையதில் 1,080. ஒரு சின்ன டெர்ம் பாலிசியில் (சேமிப்பு இல்லாமல், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உயிர்க் காப்பீடு மட்டும்) 144.

செப்டம்பர் கடைசியில் ஒரு படி ஏறி 40 விழுக்காட்டுக்கு வந்தார். மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கைதட்டினார்கள். அந்தப் படத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை. அக்டோபரில் தமிழ்ப் பள்ளியில் ஒரு பெற்றோர் எடுத்த பெரிய பாலிசியில் 2,400 டாலர் வந்தது. அவரிடம் ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கு 100 டாலர் கட்டியதில் இருவர் மட்டுமே உரிமம் வாங்கினார்கள், அதில் ஒருவர் தனக்குத் தானே ஒரு பாலிசி எடுத்தார். அதிலிருந்து மேல்படிக்காரர் என்ற முறையில் 300 டாலர்.

2024 தொடக்கத்தில் வந்த 1099 படிவத்தில் மொத்தம் 6,864 டாலர். குழுவின் வாட்ஸ்அப்பில் இந்த எண்ணைப் போட்டுப் பாராட்டினார்கள்.

கணக்கை விரித்தபோது தெரிந்தவை

பிப்ரவரி கடைசியில் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். ரசீதுகளை ஒரு இனிப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார், மாதவாரியாக ரப்பர் பேண்ட் கட்டி. கணித ஆசிரியை அல்லவா, ஒன்றுகூட விடுபடவில்லை.

உரிமம் வரை 390. மாதாந்திர இணையத் தளக் கட்டணமும் தொழில் பொறுப்புக் காப்பீடும் சேர்த்து மாதம் 45 வீதம் 450. ஜூலையில் லாஸ் வேகாஸ் மாநாட்டுக்கு டிக்கெட், விமானம், விடுதி என்று 1,140. டாலஸில் நடந்த சின்ன மாநாட்டுக்கு 160. வீட்டுக்குப் பேசப் போகும்போது வாங்கிப்போன பலகாரம், காபிக்கடை, பரிசுப்பொருள் என்று 610. ஜூம் கணக்கு, விசிட்டிங் கார்டு 210. வண்டி ஓடியது 4,100 மைல். 2023-இல் வரித்துறை அனுமதித்த மைலுக்கு 65.5 சென்ட் கணக்கில் 2,686. ஆக 5,646 டாலர். மைல் கணக்கில் எல்லாமே பையிலிருந்து உடனே போன பணம் இல்லை என்று கணவர் சொன்னார். உண்மைதான். ஆனால் டயரும் தேய்ந்தது, ஆயிலும் மாற்றினார்கள். அதுவும் இவர்கள் வண்டிதான்.

மிச்சம் 1,218 டாலர். 740 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 1 டாலர் 65 சென்ட். டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். வரிக் கணக்கில் உணவுச் செலவில் பாதியைத்தான் கழிக்க முடியும் என்பதால் அங்கே லாபம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதன்மேல் சுயதொழில் வரி 15.3 விழுக்காடு என்று 200 டாலருக்கு மேல் கட்ட வேண்டிவந்தது.

அப்புறம் இன்னொரு கழித்தல் இருந்தது. அந்த 6,864-இல் 1,080 டாலர் சொந்த வீட்டு இரண்டு பாலிசியிலிருந்து வந்தது. அதாவது தங்கள் பணத்தில் ஒரு துண்டைத் தாங்களே கமிஷனாகத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். அதையும் எடுத்துவிட்டால் வெளியிலிருந்து சம்பாதித்தது 138 டாலர். அந்த எண்ணைத் தாளில் எழுதியபோது யாரும் பேசவில்லை. அவர் பேனாவை வாங்கி, கூட்டல்களை மேலிருந்து கீழே ஒருமுறை தானே போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

அதே இரண்டு பாலிசியில் ஏணியின் மற்ற படிகளுக்கு என்ன போனது? டார்கெட் பிரீமியம் இரண்டுக்கும் சேர்த்து 7,200. இந்த வகைப் பாலிசியில் முதல் ஆண்டு டார்கெட் பிரீமியத்துக்கு ஏறக்குறைய இணையான தொகை கமிஷனாகப் பிரிவது வழக்கம். அதில் இவருக்கு 1,080, அக்காவுக்கு 1,080, மிச்சமெல்லாம் மேல்படிகளுக்கு. மேலே இருப்பவர்கள் மேடையில் காட்டிய காசோலைகள் பொய்யில்லை. கீழே ஒவ்வொரு வீட்டிலும் நடந்த முதல் இரண்டு பாலிசிகளிலிருந்து வந்தவைதான் அவை.

ஜனவரியில் இன்னொன்றும் நடந்திருந்தது. அலுவலக நண்பருக்கு வேலை போனது. எச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள். அந்த நிலையில் யார் மாதம் 450 டாலர் பிரீமியம் கட்டுவார்? ஏழு மாதம் கட்டிய 3,150 டாலரை விட்டுவிட்டு நிறுத்தினார். ஒரு ஆண்டுக் கமிஷன் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது என்பதால், கட்டாத ஐந்து மாதத்துக்கான 625 டாலரை நிறுவனம் இவரிடமிருந்து பிடித்துக்கொண்டது. ‘சார்ஜ்பேக்’ என்ற சொல்லை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கவனித்தாராம். ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டபோது யாரும் விளக்கவில்லை.

இவர் மட்டும் துரதிர்ஷ்டசாலியா என்று கணவர் கேட்டார். பொதுவில் இருக்கும் ஒரு கணக்கைக் காட்டினேன். அமெரிக்காவில் அடுக்கு முறையில் டெர்ம் பாலிசி விற்கும் பெரிய நிறுவனம் பிரைமெரிகா. இந்த நிகழ்வில் வரும் நிறுவனம் அது அல்ல. ஆனால் பங்குச் சந்தையில் இருப்பதால் அதன் ஆண்டறிக்கையை யாரும் படிக்கலாம். 2023-இல் அது புதிதாகச் சேர்த்தவர்கள் சுமார் 3.6 லட்சம் பேர். அதே ஆண்டில் புதிதாக ஆயுள் காப்பீட்டு உரிமம் பெற்றவர்கள் சுமார் 49,000. ஆண்டு முடிவில் உரிமம் உள்ளவர்கள் சுமார் 1.41 லட்சம் பேர், அந்த ஆண்டு வழங்கிய பாலிசிகள் சுமார் 3.59 லட்சம். உரிமம் உள்ள ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்று பாலிசிகூட வரவில்லை. இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஏழு பாலிசி விற்ற இவர் சராசரிக்கு மிகவும் மேலே இருந்தவர். கையில் நின்றது 138 டாலர் என்பதை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதே 2024-இன் செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 70 அடுக்கு விற்பனை நிறுவனங்களின் வருமான வெளியீட்டு அறிக்கைகளை ஆராய்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான அறிக்கைகளின்படி பங்கேற்பவர்களில் பெரும்பான்மையோர் சம்பாதித்தது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. ஒன்றுமே சம்பாதிக்காதவர்களைப் பல நிறுவனங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; செலவைக் கழித்துக் காட்டுவதும் இல்லை. வாட்ஸ்அப்பில் பாராட்டிய 6,864 என்ற எண்ணிலும் செலவைக் கழிக்காத அதே ஓட்டைதான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு அன்றே எடுத்தது, கணவரைப் பற்றியது. ‘தம்பதி கூட்டங்களில்’ அவரும் பேசிக்கொண்டிருந்தார், இரண்டு சந்திப்பில் பாலிசி விளக்கமும் கொடுத்திருந்தார். “பணம் மனைவி பேர்லதானே வருது, பரவாயில்ல” என்று சொல்லியிருந்தார்கள். எச்-1பி-யில் இருப்பவர் விசாவுக்கு மனு போட்ட நிறுவனத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. காசு யார் பெயரில் வருகிறது என்பதை வைத்து அந்த வேலை வேலையில்லை என்று ஆகிவிடாது. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு இது விளையாட்டில்லை. உடனே நிறுத்தி, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் தனியாக ஆலோசனை பெறச் சொன்னேன். போய்ப் பார்த்தார்கள்.

இரண்டாவது, புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை, யாருக்கும் விற்பதில்லை என்பது. இதை அவரே சொன்னார். நோட்டில் மிச்சமிருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இவங்களுக்கு நான் போன் பண்ணா எதுக்குப் பண்றேன்னு இப்பவே தெரியும்.”

மூன்றாவதுதான் நேரம் எடுத்தது: வீட்டிலிருக்கும் இரண்டு பாலிசிகளை என்ன செய்வது? உடனே நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு காரணம். முதல் 12 மாதம் முடியும் முன் நிறுத்தினால் அதற்கும் சார்ஜ்பேக் வரும். அதைவிட முக்கியம், ஒன்றை நிறுத்தும் முன் இன்னொன்று கையில் இருக்க வேண்டும். இடையில் மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது வந்தால் காப்பீடே இல்லாமல் போகும். கமிஷன் வாங்காமல் கட்டணத்துக்கு மட்டும் ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் இரண்டு பாலிசியின் விளக்கத்தாள்களையும் பார்த்துவிட்டு, பிரீமியத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளும் வழியையும் கணக்குப் போட்டார். 401கே ஈட்டுத் தொகையையே விட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்றார். கணவருக்கு 7,50,000 டாலருக்கு 20 ஆண்டு டெர்ம், மாதம் 58 டாலர். மனைவிக்கு 3,00,000 டாலருக்கு மாதம் 19 டாலர் என்று முடிவானது. பழைய பாலிசியில் கணவருக்கு இருந்த காப்பீடு 4,50,000 டாலர்தான். மாதம் 400 கட்டியதற்குக் குறைவான பாதுகாப்பு என்பது அவரைப் பணத்தைவிட அதிகமாக உறுத்தியது.

பின்பு நடந்தது

மார்ச்சில் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஐந்து மாதம் கட்டியபின் நிறுத்தினார். அவர்களும் யாரிடமோ கேட்டிருக்கிறார்கள். 1,400 டாலர் சார்ஜ்பேக். ஏப்ரலில், இவரிடம் சேர்ந்த பெண் தன் பாலிசியை விட்டதில் 150. ஜனவரி பிப்ரவரியில் இவர் விற்றிருந்த இரண்டு சிறிய பாலிசிகளின் 1,040 டாலரில் ஜனவரிப் பிடித்தம் போக மிச்சம் ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது. ஆகவே நிறுவனத்துக்கு 1,550 டாலர் கடன் என்று கடிதம் வந்தது. விற்றவர் வேலையை விட்டாலும் இந்தக் கடன் விடாது. மாதம் 310 வீதம் ஐந்து தவணையில் கட்டி முடித்தார்.

ஏப்ரலில் புது டெர்ம் பாலிசிகளுக்கு விண்ணப்பித்து, மே மாதம் அவை நடைமுறைக்கு வந்தபின் பழையவற்றைச் சரண் செய்தார்கள். 14 மாதத்தில் கட்டியது 9,800 டாலர். கைக்கு வந்தது இரண்டிலும் சேர்த்து 212.

தொடக்கம் முதல் மே 2024 வரை மொத்தமாகப் பார்த்தால், சார்ஜ்பேக் கழித்த கமிஷன் 5,729 டாலர். 2024-இன் ஐந்து மாதச் செலவு 1,008-ஐயும் சேர்த்துச் செலவு 6,654. தொழிலில் நட்டம் 925 டாலர். பாலிசியில் போனதும் 401கே-யில் விட்டதும் இதற்கு வெளியே.

அக்காவிடம் அவர் நேரில் போய்ச் சொன்னார். அக்கா வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. அந்த அக்காவுக்கும் இந்தப் பாலிசிகளில் வந்த கமிஷனில் ஒரு பகுதி பிடித்தமாகப் போயிருக்கும். அவர் இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறார்.

ஆகஸ்டில் மனைவி பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் மாற்று ஆசிரியையாகச் சேர்ந்தார். நாளுக்கு 115 டாலர். முதல் மாதம் 14 நாள் வேலை கிடைத்தது, 1,610 டாலர். ஊதியச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார், கீழே ஒன்றும் எழுதாமல்.

அவர் விற்றதிலேயே இன்றுவரை உறுதியாக ஓடிக்கொண்டிருப்பது அந்தச் சின்ன டெர்ம் பாலிசி. ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் ஒரு வீட்டுக்கு, மாதம் 40 டாலருக்கு எடுத்துக் கொடுத்தது. ஏழில் அந்த வீட்டுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது அதுதான், கமிஷன் மிகக் குறைவாக வந்ததும் அதில்தான். முதல் மூன்று பாலிசிக்கும் அக்கா கூடவே வந்தார். இந்தச் சந்திப்புக்கு மட்டும் இவரைத் தனியாகப் போகச் சொல்லிவிட்டாராம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதலில் என் பங்கைச் சொல்கிறேன். 2023 மார்ச்சில், சேர்ந்து சில நாளில், அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு “வரிக்கு என்னென்ன எடுத்து வைக்கணும் அண்ணா?” என்று கேட்டார். ரசீது வைத்துக்கொள்ளுங்கள், மைல் எழுதுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். சீசன் நேரம், அவசரம். “உங்களுக்கே பாலிசி எடுக்கச் சொன்னாங்களா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஏப்ரல் தொடங்கும் முன் உட்கார்ந்து பேசியிருக்கலாம். எடுத்த பிறகுகூட நேரம் இருந்தது. பாலிசி கையில் கிடைத்தபின், பிடிக்காவிட்டால் முழுப் பணத்தையும் திரும்ப வாங்கப் பெரும்பாலான மாநிலங்களில் குறைந்தது 10 நாளாவது உண்டு. இப்போது புதிதாக இந்தத் தொழிலில் சேர்ந்து என்னிடம் வரும் எவரிடமும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

அவர் தரப்பில், கணக்கை மூன்றாம் மாதமே போட்டிருக்க வேண்டும் என்கிறார். ஜூனில் போட்டிருந்தால் லாஸ் வேகாஸ் போயிருக்க மாட்டார். வந்த பணத்தை எழுதினார், செலவை எழுதினார், மணி நேரத்தைக்கூடக் குறித்தார். மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கமிஷனையும் 12 மாதம் முடியும்வரை தனிக் கணக்கில் வைத்திருந்தால் சார்ஜ்பேக் கடனாக மாறியிருக்காது. நூறு பெயர் எழுதச் சொன்ன அன்று, அதில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இந்தப் பாலிசி தேவை என்று பக்கத்தில் ஒரு குறி போட்டிருந்தால் ஐந்தாறு பேர்கூடத் தேறியிருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

கணவர் சொன்னது வேறு. “அவ வேலைக்குப் போகணும்னு ஆசைப்பட்டா. நான் அதைத் தடுக்கக் கூடாதுன்னு நினைச்சு ஒண்ணும் கேக்கல. கேட்டிருக்கணும்.”

வேலையிழந்த நண்பருக்கு இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைத்துவிட்டது, விசா தப்பித்தது. இவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள். அவர் வாங்கவில்லை. தமிழ்ப் பள்ளிப் பெற்றோரோடு மட்டும் இன்னும் சரியாகவில்லை. சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வாகன நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள். முன்பு அந்த அம்மா இறங்கி வந்து இவர் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு பேசுவாராம். இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் வழக்கம்போல் கையைக் கோத்துக்கொண்டு வருகிறார்கள்.